ஹெட் கேஸ்கட் மாற்றும்போது ஃபேசிங் கட்டாயமா? பழைய போல்ட் போடலாமா?

நாலாம்சிலிண்டர்

நாலு சிலிண்டர் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அலுமினியம் ஹெட், இரும்பு பிளாக், இரட்டைக் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), டைமிங் பெல்ட். கூலண்ட் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் வெளியே எங்கும் ஒழுகல் இல்லை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிலிண்டர் அரை நிமிடம் தடுமாறிவிட்டுச் சரியாகிறது. ராத்திரி முழுக்க நின்ற பிறகும் மேல் ஹோஸ் கல் போல இறுகியிருக்கிறது. ஆயிலில் கலப்படம் இல்லை. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்று சந்தேகம்.

கேள்விகள்: ஹெட்டைத் திறக்கும் முன் எப்படி உறுதி செய்வது? திறந்தால் ஃபேசிங் (ஹெட்டின் கீழ் முகத்தை மெஷினில் சீவித் தட்டையாக்குவது) கட்டாயமா? போல்ட் பழையதையே போடலாமா?

திருப்புளி

மேல் ஹோஸ் சொல்வதை நம்பலாம். குளிர்ந்த எஞ்சினில் கூலண்ட் சுருங்கிவிடும், அழுத்தம் இருக்கக் காரணமே இல்லை. அப்படியும் இறுக்கமாக இருந்தால் எரிவாயு உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் நிற்கிறது என்று பொருள். இருந்தாலும் சந்தேகத்தை வைத்து ஹெட்டைத் திறக்காதீர்கள்.

முதலில் நீல நிறச் சோதனைத் திரவம். ரேடியேட்டர் வாயில் குழாயை வைத்து, எஞ்சின் ஓடும்போது மேலே வரும் காற்றைத் திரவத்தின் வழியாக இழுக்க வேண்டும். கரியமிலவாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். கூலண்ட் மட்டத்தை 5 சென்டிமீட்டராவது இறக்கிவிட்டுச் செய்யுங்கள். கூலண்டே குழாய்க்குள் ஏறிவிட்டால் சோதனை வீண்.

அடுத்தது அழுத்தச் சோதனை. ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி, கூலிங் சிஸ்டத்துக்கு மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை பம்ப் அடித்து (பெரும்பாலும் 1 பார் சுற்றுவட்டாரம்) சில மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு கிராங்க் செய்தால் எந்தத் துளையில் தூறல் அடிக்கிறதோ அதுதான் கசியும் சிலிண்டர். குழாய்க் கேமரா இருந்தால் இன்னும் சுலபம். மற்ற பிஸ்டன்கள் கரி படிந்து கறுத்திருக்கும், தண்ணீர் புகுந்தது மட்டும் நீராவியில் கழுவினாற்போல் பளபளக்கும்.

கம்ப்ரஷன் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது என்று அது சொல்லும். கூலண்ட் துளைப் பக்கம் மயிரிழைக் கசிவு என்றால் நாலும் சரியாகவே காட்டும்.

ஆயில் மூடியின் உள்பக்கம் வெள்ளை நுரை கண்டதும் ஹெட்டைத் திறப்பவர்கள் உண்டு. குறைந்த தூரமே ஓடி, சூடேறாமல் அணைக்கப்படும் எஞ்சினில் ஈரம் படிந்தாலும் அதே நுரைதான் வரும். டிப்ஸ்டிக்கில் பால் போல வந்தால்தான் கவலை.

கிரீஸ்கை

சோதனை எல்லாம் சரி. ஹெட்டை இறக்கிட்டா நேரா லேத்துக்கு அனுப்பிடுங்க. ஃபேசிங் போடாம ஹெட் ஏத்தக் கூடாது. அது ஒரு விதி.

லேத்துப்பட்டறை

அப்படி ஒரு விதி கிடையாது, கிரீஸ்கை. அளந்து பார்த்த பிறகு தேவை என்றால் போட வேண்டியது ஃபேசிங். சீவி எடுத்த உலோகம் திரும்ப வராது. விரிவாக அப்புறம் எழுதுகிறேன், முதலில் ஹெட் ஒழுங்காக இறங்கட்டும். பாதி ஹெட்டுகள் வளைவது கழற்றும்போதுதான்.

மரைகழண்டவன்

கழற்றும் வரிசை. எஞ்சின் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், வெதுவெதுப்பும் கூடாது. சூடான அலுமினியம் ஹெட்டில் போல்டைத் தளர்த்தினால், அதுவரை அழுத்திப் பிடித்திருந்தது விட்டுப்போய் அப்படியே வளைந்து ஆறும்.

எரிபொருள் அழுத்தத்தை இறக்குங்கள்: பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சின் தானாக அணையும் வரை ஓட விடுவது எளிய வழி. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கூலண்டை ரேடியேட்டரில் மட்டும் வடித்தால் போதாது, பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு வடிகால் போல்ட் இருக்கும், அதையும் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹெட்டைத் தூக்கும்போது பிளாக்கில் நிற்கும் தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் போல்ட் துளைக்குள்ளும் கொட்டும். என்ன செய்தாலும் கொஞ்சம் சம்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறங்கத்தான் செய்யும், எனவே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது வேலையில் சேர்த்தி.

கிராங்கைச் சுழற்றி முதல் சிலிண்டரை டி.டி.சி.க்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) கொண்டுவந்து டைமிங் குறிகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டைக் கழற்றிய பிறகு, கையேடு வேறு சொல்லாதவரை, கிராங்கை 90 டிகிரி பின்னோக்கித் திருப்பிவிடுங்கள். நாலு பிஸ்டனும் பாதி ஆழத்தில் நிற்கும். கேமைத் தொட்டாலும் வால்வும் பிஸ்டனும் முட்டாது.

எக்சாஸ்ட் மேனிஃபோல்ட் நட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். அவசரப்பட்டு ஒரு ஸ்டட் முறிந்தால் அதைத் துளைத்து எடுக்கும் நேரத்தில் ஹெட்டையே ஏற்றி முடித்திருக்கலாம்.

கேம் மூடிகளில் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும், இல்லாவிட்டால் நீங்கள் போடுங்கள். எல்லா மூடியையும் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கம் முழுதாகக் கழற்றி மறுபக்கம் இறுகி நின்றால் வால்வு ஸ்பிரிங் கேமை நெம்பி மூடியை உடைக்கும். கேமுக்கும் வால்வுக்கும் நடுவே உட்காரும் டாப்பெட் பக்கெட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே முட்டை அட்டையில் அடுக்குங்கள். வரிசை கலைந்தால் க்ளியரன்ஸ் (கேமுக்கும் டாப்பெட்டுக்கும் உள்ள இடைவெளி) கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டும்.

ஹெட் போல்ட்: ஓரத்தில் தொடங்கி குறுக்குமறுக்காக நடுவை நோக்கி வர வேண்டும். இறுக்கும் வரிசைக்கு நேர் எதிர். முதல் சுற்றில் கால் திருப்பு, அடுத்ததில் அரை, அதன் பிறகே முழுதாக. சாக்கெட்டைத் தட்டி முழு ஆழத்துக்கு இறக்கிவிட்டே திருப்புங்கள். உள்குழி நட்சத்திரத் தலையில் அழுக்கு அடைத்திருந்தால் சாக்கெட் பாதிதான் இறங்கும், தலை அழியும்.

ஒட்டிக்கொண்ட ஹெட்டை இரண்டு முகங்களுக்கு நடுவே திருப்புளி விட்டு நெம்பாதீர்கள் (மேலே எழுதிய நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம்). நெம்புவதற்கென்றே வார்ப்பில் காது போன்ற மேடுகள் இருக்கும். அங்கே மட்டும். இறக்கியதும் ஹெட்டை முகம் கீழாகத் தரையில் வைக்கக் கூடாது. கேம் இன்னும் மேலே இருந்தால் திறந்திருக்கும் வால்வுகள் முகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஹெட்டின் எடை முழுவதும் அவற்றின் மேல் உட்காரும். இரண்டு மரக்கட்டை மேல் வையுங்கள்.

ஈர லைனர் (கூலண்ட் நேரடியாகத் தொடும், தனியாகக் கழலும் சிலிண்டர் குழல்) எஞ்சினாக இருந்தால் கதையே வேறு. ஹெட் இறங்கியதும் லைனர்களைப் பிடிப்பான் போட்டு இறுக்காமல் கிராங்கைத் தொடாதீர்கள். லைனர் ஒரு நூல் எழும்பினாலும் அடிச்சீல் போய்விடும்.

லேத்துப்பட்டறை

இப்போது ஃபேசிங்.

முதலில் பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறியாதீர்கள். சிலிண்டர் வளையத்திலிருந்து தண்ணீர்த் துளை வரை கறுப்புக் கோடு ஓடியிருந்தால் கசிந்த இடம் அதுதான், அதே இடத்தை ஹெட்டிலும் பிளாக்கிலும் உற்றுப் பாருங்கள். வளையம் முழுவதும் சுத்தமாக, ஒரே சீராக அழுந்தியிருந்தால் குற்றவாளி கேஸ்கட் அல்ல. விரிசல். அதைத் தேடாமல் புதுக் கேஸ்கட் போட்டு மூடினால் பழைய நோய் அப்படியே திரும்பும்.

அளவெடுக்க நல்ல ஸ்ட்ரெயிட் எட்ஜும் (துல்லியமான நேர்விளிம்புச் சட்டம்) ஃபீலர் கேஜும் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) போதும். கடையில் வாங்கிய அளவுகோல் உதவாது, அதுவே வளைந்திருக்கும். ஆறு கோடுகள்: நீளவாக்கில் இரண்டு ஓரம், குறுக்கில் இரண்டு முனை, மூலைக்கு மூலை இரண்டு. இத்தகைய சிறிய நாலு சிலிண்டர் ஹெட்டுக்குப் பல கையேடுகள் 0.05 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கும், சில 0.1 வரை போகும். உங்கள் எஞ்சினின் கையேட்டு எண்ணே கடைசி வார்த்தை. 0.05 தகடு எங்கும் நுழையவில்லை, முகத்தில் அரிப்பும் கீறலும் இல்லை என்றால் அந்த ஹெட்டை நான் மெஷினில் ஏற்றச் சொல்ல மாட்டேன்.

பிளாக்கையும் இதே மாதிரி அளக்க வேண்டும், பெரும்பாலோர் மறந்துவிடுவார்கள். குறிப்பாகப் போல்ட் துளை வாயில் மரை இழுபட்டு உதடு போல எழும்பியிருக்கும். அது ஹெட்டைத் தூக்கிப் பிடிக்கும், எந்தக் கேஸ்கட்டாலும் அந்த இடைவெளியை அடைக்க முடியாது.

சீவினால் என்ன ஆகும்? உங்கள் எஞ்சினையே கணக்குக்கு எடுப்போம். சிலிண்டருக்கு 300 சி.சி., கம்ப்ரஷன் விகிதம் 9.5 என்றால் மேலே மிஞ்சும் அறை சுமார் 35.3 சி.சி. 72 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) என்று வைத்தால் பரப்பு 40.7 சதுர சென்டிமீட்டர். 0.2 மில்லிமீட்டர் சீவினால் 0.8 சி.சி. காணாமல் போகும், கம்ப்ரஷன் 9.7 ஆகும். ஒருமுறைக்குத் தாங்கும். முன்பே யாரோ சீவிய ஹெட்டில் மறுபடி சீவினால் நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறி வெடித்துத் தட்டுவது), வால்வு பிஸ்டன் இடைவெளி இரண்டுமே சிக்கல். அதனால் ஹெட்டின் மொத்த உயரத்தை அளந்து கையேட்டின் குறைந்தபட்ச உயரத்தோடு ஒப்பிடாமல் மெஷினை ஓட்டக் கூடாது. கேமும் கிராங்கும் நெருங்குவதால் கேம் டைமிங்கும் சற்றுப் பின்தங்கும், 0.2 மில்லிமீட்டருக்கு கிராங்கில் அரை டிகிரி அளவுதான்.

இன்னொன்று, இது முக்கியம். ஓவர்ஹீட் ஆகி வளைந்த ஹெட் கீழ் முகத்தில் மட்டும் வளைவதில்லை, முழுதாக வாழைப்பழம் போல வளைகிறது. கீழே சீவி நேராக்கிவிடலாம். மேலே கேம் உட்காரும் துளைகள் வளைந்தே இருக்கும். பக்கெட் இல்லாமல் கேமை மட்டும் வைத்து மூடிகளை முறுக்கி, கையால் சுழற்றிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் ஹெட்டை அடுப்பில் சூடாக்கி நேராக்கிய பிறகே ஃபேசிங், அல்லது வேறு ஹெட். கேஸ்கட் போட்டு மூன்றே மாதத்தில் கேம் முறிந்த ஹெட்டுகள் இந்த வகை.

கிரீஸ்கை

சரி, கேம் விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா எம்.எல்.எஸ் கேஸ்கட்டுக்கு முகம் கண்ணாடி மாதிரி வேணும்ல? அதுக்காகத்தான் ஃபேசிங் சொல்றேன். எல்லாரும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சே கொண்டு வராங்க.

லேத்துப்பட்டறை

அது நியாயமான காரணம். பழைய கலவைக் கேஸ்கட் கொஞ்சம் சொரசொரப்பையும் நிரப்பிக்கொள்ளும். பல அடுக்கு எஃகுத் தகடான எம்.எல்.எஸ் நிரப்பாது, முகத்தின் சொரசொரப்பு 1 மைக்ரான் அளவிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது. கையில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த முகம் போர் விளிம்புகளில் குழிந்துவிடும், அப்படிக் கெடுத்த பிறகு ஃபேசிங்கைத் தவிர வழியில்லை. ஆக உங்கள் விதி தேய்ப்பவர்களுக்குப் பொருந்தும்!

மரைகழண்டவன்

சுத்தம் செய்வதில்தான் எஞ்சினைக் கொல்கிறார்கள். காற்று கிரைண்டரில் மாட்டும் சொரசொர வட்டுகளைப் பிளாக் முகத்தில் போடாதீர்கள். அவற்றில் உள்ள அலுமினியம் ஆக்சைடு துகள் ஆயில் வழியில் இறங்கி பேரிங்கைத் தின்றுவிடும். ஹெட் வேலை செய்த சில நூறு கிலோமீட்டரில் அடியில் தட்டும் சத்தம் வந்தால் பலமுறை இதுதான் காரணம். கேஸ்கட் இளக்கும் திரவம் அடித்து ஊற விட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். இரும்புப் பிளாக்கில் பிளேடு போடலாம், படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும்.

சுரண்டும் முன் பிஸ்டனுக்கும் போருக்கும் இடையே வளையமாக கிரீஸ் தடவிவிடுங்கள், குப்பை அதில் ஒட்டிக்கொள்ளும். ஆயில் திரும்பும் துளைகளையும் தண்ணீர் வழிகளையும் துணியால் அடையுங்கள். எத்தனை துணி அடைத்தோம் என்று எண்ணி எழுதி வையுங்கள். சிரிக்காதீர்கள்.

போல்ட் துளைகள்: அடி மூடிய துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அதற்குப் போக இடமில்லை. ஒன்று டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) பொய்யாகக் கிளிக் சொல்லும், இல்லை பிளாக்கே விரியும். மரையைத் துடைக்கும் சேசர் ஓட்டுங்கள். வெட்டும் டேப் போட்டால் மரையில் உள்ள உலோகமே போகும். பிறகு கண்ணாடி அணிந்து, துணியை மேலே பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள்.

நாலாம்சிலிண்டர்

விரிசலைக் கண்டுபிடிக்க வெறும் கண் போதுமா? வால்வு வேலையும் சேர்த்துச் செய்ய வேண்டுமா?

லேத்துப்பட்டறை

கண் போதாது. இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவிலும் ஸ்பார்க் பிளக் துளையை ஒட்டியும்தான் முதலில் விரியும், அதற்குச் சிவப்புச் சாயச் சோதனை. உள்வழிகளுக்குத் தண்ணீர் வாயெல்லாம் தகடு போட்டு அடைத்து, வெந்நீர்த் தொட்டியில் இறக்கிக் காற்றேற்றும் பிரஷர் டெஸ்ட். குளிரில் மூடி நிற்கும் விரிசல் சூட்டில்தான் திறக்கும், அதனால்தான் வெந்நீர். ஃபேசிங்குக்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். விரிந்த ஹெட்டைச் சீவி என்ன பயன்?

வால்வுக்கு: ஹெட்டைத் தலைகீழாக வைத்து, ஸ்பார்க் பிளக் போட்டு, அறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி 10 நிமிடம் பாருங்கள். போர்ட் பக்கம் ஈரம் வந்த வால்வுகள் லேப்பிங் (வால்வையும் சீட்டையும் பசை போட்டுத் தேய்த்துப் பொருத்துவது) கேட்கின்றன. ஸ்டெம் சீல்களைக் கேட்காமலேயே மாற்றிவிடுங்கள், வெப்பம் கண்ட ரப்பர் கல்லாகியிருக்கும். சீட் வெட்டினாலோ லேப்பிங் செய்தாலோ வால்வு மேலே ஏறும், டாப்பெட் க்ளியரன்ஸ் குறையும். மறுபடி அளக்காமல் மூடினால் வால்வு முழுசாக மூடாமல் எரிந்துபோகும்.

திருப்புளி

போல்ட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கையேட்டில் முறுக்கும் முறை '30 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, மேலும் 90 டிகிரி' என்பது போல இருந்தால் அது பெரும்பாலும் இழுபட்டு நீளும் வகைப் போல்ட். கேஸ்கட்டோடு புதுப் போல்ட்டும் வாங்கிவிடுங்கள். மறுபயன்பாட்டுக்கு நீள வரம்பு கொடுத்திருக்கும் எஞ்சின்கள் உண்டு, அங்கே அளந்து பார்த்துப் போடலாம். வரம்பே கொடுக்காத இடத்தில் 'பார்க்க நல்லாத்தான் இருக்கு' என்பது அளவு ஆகாது. ஒரு நட்டைப் போல்ட்டின் மரை முழுவதும் கையால் ஓட்டிப் பாருங்கள். நடுவில் பிடித்தால் அங்கே கழுத்து இழுபட்டிருக்கிறது.

டிகிரி ஏன் என்றால், டார்க் ரெஞ்சில் நாம் போடும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது: பாதி தலைக்கடியில், 40 சதவீதம் மரையில். மிச்சம் 10 சதவீதம்தான் போல்டை இழுத்துப் பிடிக்கிறது. ஒரு போல்ட் உலர்ந்தும் இன்னொன்று எண்ணெயோடும் இருந்தால் ஒரே கிளிக்கில் இரண்டு வேறு பிடிமானம். கோணம் அப்படியில்லை. 1.5 மில்லிமீட்டர் பிட்ச் (ஒரு சுற்றில் இறங்கும் தூரம்) உள்ள போல்டை 90 டிகிரி திருப்பினால் 0.375 மில்லிமீட்டர் இறங்கியே தீரும், உராய்வு எதுவானாலும்.

மரையிலும் வாஷர் அடியிலும் எஞ்சின் ஆயில் மெல்லிய படலமாகப் போதும். பூச்சோடு வரும் புதுப் போல்டுக்கு அதுவும் வேண்டாம். துளை தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் திறந்தால் மட்டும் மரைக்கு சீலண்ட்.

மரைகழண்டவன்

ஏற்றும் வேலை. இரண்டு முகத்தையும் பிரேக் க்ளீனரால் துடைத்து உலர விடுங்கள். இடம் காட்டும் டோவல் குழல்கள் பிளாக்கில் இருக்கின்றனவா பாருங்கள், சில சமயம் ஹெட்டோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். கேஸ்கட்டில் 'மேல்' என்ற குறி மேலே தெரிய வேண்டும். தலைகீழாகப் போட்டாலும் போல்ட் துளை பொருந்தித் தொலைக்கும், ஆனால் ஆயில் ஏறும் துளை அடைபட்டு கேம் வறண்டு பிடிக்கும். எம்.எல்.எஸ் மேல் எந்தப் பசையும் வேண்டாம். டைமிங் கவரும் பிளாக்கும் சேரும் மூட்டில் மட்டும், கையேடு கேட்டால், ஒரு பொட்டு சிலிக்கான்.

பிஸ்டன்கள் பாதி ஆழத்தில் நிற்கட்டும். ஹெட்டை இரண்டு பேர் நேராக இறக்குங்கள், கேஸ்கட் மேல் இழுத்துச் சரிசெய்யக் கூடாது. எல்லாப் போல்டையும் கையால் உட்கார வைத்த பிறகு, நடுவிலிருந்து சுழலாக வெளியே. ஒவ்வொரு கட்டத்தையும் எல்லாப் போல்டுக்கும் முடித்தபின் அடுத்த கட்டம். கோணத்துக்குத் தலைகளில் வெள்ளைப் புள்ளி வைத்தால், எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியும்.

பெல்ட், டென்ஷனர், கேம் சீல் புதிது. பெல்ட் ஓட்டும் வகை என்றால் வாட்டர் பம்பும். குறிகளைச் சேர்த்து, ஸ்பேனரால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். நடுவில் எங்காவது முட்டினால் பலம் காட்டாதீர்கள், நிறுத்துங்கள்.

நாலாம்சிலிண்டர்

கோணம் போடும்போது ஒரு போல்ட் மட்டும் எளிதாகத் திரும்பினால்? மற்றதெல்லாம் கனக்கும், அது மட்டும் வெண்ணெய் போலப் போனால்?

திருப்புளி

அந்த நொடியே நிறுத்துங்கள். மரை பிய்கிறது, இல்லை போல்ட் முறியப் போகிறது. இறுக்கும் வரிசைக்கு எதிராக எல்லாவற்றையும் தளர்த்தி ஹெட்டை எடுத்து, அந்தத் துளைக்கு மரை இன்செர்ட் போட வேண்டும். அழுந்திய எம்.எல்.எஸ் கேஸ்கட் திரும்ப எழாது, போல்டும் இழுபட்டுவிட்டது, ஆக இரண்டும் மறுபடி புதிது. வலிக்கும்தான். 'மற்ற ஒன்பது போல்ட் தாங்கிக்கொள்ளும்' என்று மூடினால் அதே மூலையில் கசியும்.

டீசல்காரன்

குறுக்கே ஒரு கேள்வி. டீசல் எஞ்சினுக்கும் இதே முறைதானா? கேஸ்கட் கேட்டால் ஒரு துளை, இரண்டு துளை, மூன்று துளை என்று கடையில் கேட்கிறார்கள்.

லேத்துப்பட்டறை

அந்தத் துளை (சிலவற்றில் வெட்டு) கேஸ்கட்டின் தடிமன் குறி. டீசலில் பிஸ்டன் டி.டி.சி.யில் பிளாக் முகத்துக்கு மேலே சற்று எழும்பி நிற்கும். டயல் கேஜை முகத்தில் பூஜ்யமாக்கி, ஒவ்வொரு பிஸ்டனிலும் கட்ஜன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) இருக்கும் கோட்டின் மேல் இரண்டு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். அந்தக் கோட்டில் அளந்தால்தான் பிஸ்டன் ஆடும் பிழை வராது. நாலில் அதிகம் எழும்பும் பிஸ்டனை வைத்து, கையேட்டு அட்டவணைப்படி தடிமன். கீழ்ப்பகுதியை யாரும் தொடவில்லை என்றால் பழைய கேஸ்கட்டின் குறியையே வாங்கலாம். பல டீசல் ஹெட்டுகளை ஃபேசிங் செய்யவே கையேடு அனுமதிக்காது, கிரீஸ்கை கவனிக்க.

கிரீஸ்கை

கவனிச்சிட்டேன் ஐயா. நான் ஒண்ணு சேர்க்கிறேன், கடைசிக் கட்டம். முதல்ல இன்ஜெக்டர் இணைப்பைக் கழட்டிட்டு ஆயில் விளக்கு அணையிற வரைக்கும் கிராங்க் பண்ணுங்க. ஹைட்ராலிக் டாப்பெட்டா இருந்தா கேம் ஏத்தின உடனே எஞ்சினைச் சுத்தாதீங்க, அரை மணி நேரமாவது உக்கார விடுங்க. உப்பி நிக்கிற டாப்பெட் வால்வை பிஸ்டன் மேல தள்ளிடும்.

கூலண்ட் ஊத்தறப்ப ஹீட்டரை முழு சூட்டுல வெச்சு, காத்து வெளியேத்தற திருகைத் திறந்து, மெதுவா ஊத்துங்க. தெர்மோஸ்டாட்டுல இருக்கிற குட்டி ஊசி மேல் பக்கம் வரணும், காத்து அது வழியாத்தான் தப்பிக்கும். ஹெட்டுல காத்துக்குமிழ் நின்னா சூடு முள்ளு சாதாரணமாக் காட்டும், உள்ள அலுமினியம் வெந்துக்கிட்டு இருக்கும். ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கற வரைக்கும் பக்கத்துலயே இருங்க. எக்சாஸ்ட்ல தங்கின கூலண்ட் எரிஞ்சு கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வரும், பயப்பட வேண்டாம். ராத்திரி ஆற விட்டு, குளிர்ந்த பிறகு மட்டம் பாருங்க.

ஹெட் எதனால வெந்துச்சுன்னும் பாத்துடுங்க. ஃபேன் ரிலேவா, ரேடியேட்டர் அடைப்பா, தெர்மோஸ்டாட்டா. அதை விட்டுட்டு கேஸ்கட் மட்டும் மாத்தினா அடுத்த வருஷம் இதே இழையில வந்து கேள்வி கேப்பீங்க.

நாலாம்சிலிண்டர்

ஓடிய பிறகு மறு முறுக்கு உண்டா?

திருப்புளி

கோணத்தில் முறுக்கிய போல்டுக்குக் கிடையாது, தொடவே தொடாதீர்கள். பழைய கலவைக் கேஸ்கட்டும் சாதாரணப் போல்டும் உள்ள எஞ்சின்களில் கையேடு கேட்டால் மட்டும், அது சொல்லும் கிலோமீட்டரில், எஞ்சின் ஆறிய நிலையில். உங்களுக்கு வேண்டியது இரண்டு நாள் ஓட்டியபின் அதே நீலத் திரவச் சோதனை. நிறம் மாறாவிட்டால், காலையில் மேல் ஹோஸ் கைக்குத் தளர்வாக இருந்தால், ஆயிலை 500 கிலோமீட்டரில் ஒருமுறை வடித்து மாற்றிவிட்டு வழக்கம்போல ஓட்டுங்கள்.